ஜிஎல்-5 என்றால் எல்லாவற்றுக்கும் உசத்தி இல்லை

"ஜிஎல்-5 கியர் எண்ணெய் ஜிஎல்-4-ஐ விட உசத்தி, பழைய மெனுவல் பிக்கப்பின் கியர்பாக்ஸிலும் தாராளமாக ஊற்றலாம்" என்று செந்தூல் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து பரப்பாதீர்கள்.

ஜிஎல் என்பது கியர் எண்ணெயின் தரவகை; அதன் பின்னால் வரும் எண் கியர் பல்லின் மீது விழும் அழுத்தத்தைத் தாங்கும் திறனைத்தான் சொல்கிறது. ஜிஎல்-5இல் அதற்கான கந்தக, பாஸ்பரஸ் கலவை அதிகம். பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிக்கு, அது வேண்டும். ஆனால் பழைய கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையங்கள்) சில ஜிஎல்-5 எண்ணெய்கள் மெல்லத் தின்றுவிடும். பட்டறையில் கழற்றிய ஒரு வளையத்தைத் தடவிப் பார்த்தேன்: உள்பக்க வரிகள் மழமழவென்று தேய்ந்திருந்தன. அப்புறம் மூன்றாவது கியர் கரகரக்காமல் எப்படி விழும்?

கையேட்டைப் பாருங்கள். ஜிஎல்-4 என்றிருந்தால் அதையே வாங்குங்கள், 75டபிள்யூ-90 போன்ற தடிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஜிஎல்-5 என்றே இருந்தால், சரி, அதையே ஊற்றுங்கள்.