கொரோனா வந்ததால் மனநல நோயாளியின் உரிமை போய்விடவில்லை

“கொரோனா காலத்தில் மனநலச் சட்டமே செல்லாது, நோயாளியை எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம்” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. தொற்று வந்தவரைத் தனி வார்டுக்கு மாற்றலாம், சரி. ஆனால் வீட்டுக்குப் போன் பேசுவது அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் உரிமை. நேரம் குறிக்கலாம், அடியோடு மறுக்க முடியாது.

குடியாத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மனநல வார்டில் இருந்த மகனின் குரலைக் கேட்காமல் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். வார்டில் கேட்டால் ‘கொரோனா ரூல்’ என்றார்களாம். அநியாயம்!

தானாக வந்து சேர்ந்தவர் டிஸ்சார்ஜ் கேட்டால் அனுப்ப வேண்டும். டாக்டர் தடுத்தாலும் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்தான். அதற்கு மேல் வைக்க 89ஆம் பிரிவின் (தானாக முடிவெடுக்க அதிக ஆதரவு தேவைப்படுபவரைச் சேர்ப்பது பற்றியது) நிபந்தனைகள் பொருந்த வேண்டும். மறுத்தால் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள், வக்கீல் இலவசம். போனில் என்றால் சட்ட உதவி எண் 15100.