உங்கள் மேக்ஃபைல் உங்கள் கணினியில் மட்டும்தான் ஓடும்

மென்பொருளைத் தொகுக்கும் ‘மேக்’ கருவிக்கு வேலைகளைச் சொல்லும் கோப்பான மேக்ஃபைலின் தலையில், ஒரு மாறியைக் கட்டளைகளுக்கு அனுப்புவதற்காக ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒரு வரியை எழுதிவிட்டு, எல்லா யுனிக்ஸ் கணினிகளிலும் இது இயங்கும் என்று கூசாமல் அறிவித்துவிடுகிறார்கள். அந்த வரி, மேக்கின் ஒரு வகையான குனு மேக்கின் சொந்தச் சேர்க்கை; யுனிக்ஸ் அமைப்புகளுக்கான பொதுத் தரமான போசிக்ஸின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படியொரு கட்டளையே கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையில் அதே வேலைக்குப் புள்ளி வைத்துத் தொடங்கும் வேறொரு கட்டளை இருக்கிறது. சோலாரிஸ் என்ற பழைய யுனிக்ஸின் மேக்கோ இரண்டையும் அறியாது. இதையெல்லாம் ஒரு முறையேனும் சரிபார்க்காமல் வெளியிட்டுவிட்டு, தொகுக்க முடியவில்லை என்று எழுதுகிறவனிடம் ‘எனக்கு ஓடுகிறதே’ என்று சொல்வது என்ன நியாயம்?

அந்த எக்ஸ்போர்ட் வரியையே எழுதாதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்; தங்களுக்கு ஏன் ஓடுகிறது என்பதையாவது அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். சூழலில், அதாவது நிரல்களுக்குக் கடத்தப்படும் மாறிகளின் தொகுப்பில், ஏற்கெனவே இருக்கும் மாறிக்கு மேக்ஃபைலில் புதிய மதிப்புக் கொடுத்தால், குனு மேக் அந்தப் புதிய மதிப்பைக் கேட்காமலேயே கட்டளைகளுக்கு அனுப்பிவைக்கும். சூழலில் இல்லாத மாறியை அப்படி அனுப்பாது. எழுதியவருடைய லாகின் கோப்பில் அந்த மாறி என்றைக்கோ அமைக்கப்பட்டிருக்கும், ஆகவே அவருக்குக் குறையே தெரியாது. வெறும் சூழலில், அதாவது ‘என்வி -ஐ’ கொடுத்து, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அடுத்த கொடுமை, ஒரு வரியில், எழுத்துகளின் வரிசை முறையைத் தீர்மானிக்கும் மாறியை ‘எல்சி_ஆல்=சி’ என்று அமைத்துவிட்டு, அடுத்த வரியில் வரிசைப்படுத்தும் கட்டளையான ‘சார்ட்’ எழுதுவது. மேக் ஒவ்வொரு வரிக்கும், கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல்லைத் தனியாகத் திறக்கிறது என்பதால், முதல் வரியில் அமைத்த மதிப்பு அந்த வரியோடு செத்துப்போகிறது. வரிசை மாறிய கோப்பு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் உருவாகிறது. இதற்கு மருந்தாகச் சிலர், எல்லா வரிகளையும் ஒரே ஷெல்லில் ஓட்டச் சொல்லி, ‘.ஒன்ஷெல்’ என்று எழுதுகிறார்கள். அது 2010இல் வந்த குனு மேக் 3.82இல்தான் சேர்ந்தது. மேக்ஓஎஸ்ஸோடு வருவது 2006ஆம் ஆண்டின் 3.81, அது இந்த வரியைப் பார்த்து ஒரு வார்த்தையும் முனகாமல் தாண்டிப் போய்விடும்.

இத்தனைக்கும் சரியான வழி மிகவும் எளியது. கட்டளைக்கு முன்னால், அதே வரியில், மாறியையும் மதிப்பையும் எழுதினால் போதும். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாயில் பல கட்டளைகள் இருந்தால் அந்த அமைப்பு முதல் கட்டளைக்கு மட்டுமே பொருந்தும். வரிகளைத் தேடும் ‘கிரெப்’புக்கு முன்னால் எழுதியதைக் குழாய்க்கு அப்பால் இருக்கும் ‘சார்ட்’ காணாது. அங்கே மாறியை அமைத்து, அரைப்புள்ளியிட்டு, தனியாக எக்ஸ்போர்ட் செய்து, மறுபடியும் அரைப்புள்ளியிட்டுக் கட்டளையைத் தொடர வேண்டும். அமைப்பதையும் எக்ஸ்போர்ட் செய்வதையும் ஒன்றாக்கி எழுதினால் சோலாரிஸ் 10இன் பழைய போர்ன் ஷெல் அதை ஏற்காது. ஷெல் மாறியைப் படிக்கும்போது டாலர் குறியை இரட்டிக்க வேண்டும். ஒற்றை டாலரோடு ‘ஹோம்’ என்று எழுதினால், மேக் அந்த ஆங்கிலச் சொல்லின் (HOME) முதல் எழுத்தை மட்டும் தன் மாறியாக எடுத்துக்கொண்டு மீதி மூன்றை அப்படியே துப்பிவிடும்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால், ‘ஜிமேக்கை நிறுவிக்கொள்ளுங்கள்’, அதாவது குனு மேக்கை, என்று ஒரே வரியில் பதில் வருகிறது. குனு மேக் இல்லாமல் ஓடாது என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், கோப்புக்கும் ‘குனுமேக்ஃபைல்’ என்றே பெயரிடுங்கள். குனு மேக் முதலில் தேடுவதே அந்தப் பெயரைத்தான். மற்ற மேக்குகள் அதைத் தொடாது, நாங்களும் பாதித் தொகுப்பில் மாட்டிக்கொண்டு விழிக்க வேண்டியிராது.