எடை சரியாக இருந்தால் உணவுக் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை

எலும்பு தெரிய மெலிந்தவர்களுக்குத்தான் உணவுக் கோளாறு (சாப்பிடும் பழக்கத்தையே குலைக்கும் மனநலப் பாதிப்பு) இருக்கும், எடை சரியாக இருக்கும் பெண்ணுக்கு இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல.

குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறில் எடை வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் புலிமியா என்ற இன்னொரு உணவுக் கோளாறு உள்ளவர்கள் பலர் பார்வைக்கு வழக்கமான எடையில்தான் இருப்பார்கள். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் வாந்தி எடுப்பார்கள், இல்லையென்றால் பட்டினி கிடப்பார்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டாது. அதனால்தான் இந்தத் தவறான எண்ணம் எனக்குக் கவலை தருகிறது. 'நீ நல்லாத்தானே இருக்கே' என்ற ஒரு வார்த்தையில் ஒரு பெண் உதவி கேட்காமலே போய்விடலாம்.

நீங்களே சரிபார்க்கலாம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் புலிமியா நெர்வோசா பகுதியைத் தேடிப் படியுங்கள். எடை குறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.