சிலுவையைத் தூக்குவது யார், கோயிலுக்குப் போவது யார்?

ஐரோப்பாவில் வலதுசாரிக் கட்சிகள் வளர்வதைப் பற்றித் தமிழில் வரும் பதிவுகள் பலவும் "கிறிஸ்தவர்கள் முஸ்லிம் குடியேறிகளுக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஜெர்மனியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இந்த வரி நிற்காது.

2014 அக்டோபரில் டிரெஸ்டன் நகரில், ஐரோப்பா இஸ்லாமியமயமாகிறது என்று எதிர்க்கும் பெகிடா இயக்கத்தின் ஊர்வலங்கள் தொடங்கின. திங்கள்கிழமைதோறும் கூட்டம் பெருகி, 2015 ஜனவரியில் போலீஸ் கணக்குப்படியே 25,000 பேர் ஆனது. கூட்டத்துக்கு நடுவே ஜெர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களைப் பூசிய ஒரு சிலுவை போகும். ஆனால் டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் ஏதாவது ஒரு திருச்சபையில் உறுப்பினராக இருந்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிச ஆட்சி நடந்த 40 வருஷத்தில், 14 வயதுப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் என்ற சபைச் சடங்குக்குப் பதிலாக அரசே ஒரு சடங்கு நடத்தியது. அப்படியே இரண்டு தலைமுறை கோயில் வாசலை மிதிக்காமல் வளர்ந்துவிட்டது. அதே ஜனவரியில் பெகிடா கொலோன் நகரத்துக்கு வந்தபோது, அங்கிருந்த பேராலயம் தன் விளக்குகளை அணைத்து இருளில் நின்றது.

ஜெர்மனியில் கிறிஸ்தவராக இருப்பது சம்பளச் சீட்டிலேயே தெரியும். சபை உறுப்பினரின் வருமான வரியோடு அதில் 9 சதவீதம் சபை வரியாகப் பிடிப்பார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம். மாதம் 500 யூரோ வருமான வரி என்றால் 45 யூரோ சபைக்குப் போகும். வேண்டாம் என்றால், மாநிலத்தைப் பொறுத்துப் பதிவு அலுவலகத்திலோ கீழ் நீதிமன்றத்திலோ எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். அப்படி வெளியேறியவரும் ஊர்வலத்தில் "எங்கள் கிறிஸ்தவ மண்" என்று சொல்ல முடிகிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு விசுவாசம் என்று அர்த்தம் இல்லை, "முஸ்லிம் இல்லை" என்றுதான் அர்த்தம்.

ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சி 2013-ல் யூரோ நாணயத்தை எதிர்த்துப் பிறந்தது. மூன்றே வருஷத்தில், 2016 மே மாத மாநாட்டில், "இஸ்லாம் ஜெர்மனிக்குச் சொந்தமானதல்ல" என்று கொள்கை அறிக்கையில் எழுதிக்கொண்டது. அதற்கு ஓட்டுப் போகாமல் தடுக்க மற்ற கட்சிகளும் சிலுவையைக் கையில் எடுத்தன. பவேரியாவில் மார்க்குஸ் ஸோடரின் அரசு, 2018 ஜூன் 1 முதல் எல்லா அரசு அலுவலகங்களின் நுழைவாயிலிலும் சிலுவை தொங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எதிர்த்தவர்களில் மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸும் ஒருவர். சிலுவையை வெறும் கலாச்சாரச் சின்னமாகப் பார்க்கிறவர் அதைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றார் அவர். அக்டோபர் தேர்தலில் ஸோடரின் கட்சி 37.2 சதவீதத்துக்குச் சரிந்தது, ஏஎஃப்டி 10.2 சதவீதத்தோடு சட்டமன்றத்துக்குள் வந்தது. அடுத்தவன் பாட்டை நாமும் பாடினால் கூட்டம் முதலில் பாடியவனிடம்தான் போகும்.

இதனால் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் குடியேறிகளை அணைத்துக்கொள்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பியூ ஆய்வு நிறுவனம் 2017-ல் மேற்கு ஐரோப்பாவின் 15 நாடுகளில் எடுத்த கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. பிரிட்டனில் இஸ்லாம் தங்கள் நாட்டு விழுமியங்களுக்கு அடிப்படையிலேயே ஒவ்வாதது என்று சொன்னவர்கள், தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்களில் 45 சதவீதம், போகாத கிறிஸ்தவர்களில் 47, மதமே இல்லை என்றவர்களில் 30. மனசில் இருக்கும் பயம் பூசைக்குப் போகிறவருக்கும் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில், குறிப்பாகக் கத்தோலிக்கர்களிடத்தில், அந்தப் பயம் அவ்வளவு சுலபமாக ஏஎஃப்டிக்கான ஓட்டாக மாறவில்லை. அவர்களுக்குக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்ற பழைய வீடு இருந்தது. மேடையிலிருந்து ஆயர்களும் பேசினார்கள். 2024 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க்கில் கூடிய ஆயர் பேரவை, இனவாதத் தேசியமும் கிறிஸ்தவமும் ஒன்றாக இருக்க முடியாது, ஏஎஃப்டி கிறிஸ்தவர்கள் வாக்களிக்கத் தகுந்த கட்சி அல்ல என்று ஒருமனதாகவே அறிவித்தது. அமெரிக்காவில் வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் இந்தத் தடுப்பு இல்லை. 2016-ல் அவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள்.

அந்தப் பழைய வீட்டின் சுவரிலும் இப்போது விரிசல். 2025 ஜனவரி 29 அன்று குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் ஏஎஃப்டியின் ஓட்டோடு 348-க்கு 344 என்று நிறைவேறியது. வேண்டாம் என்று கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகள் இரண்டின் பெர்லின் அலுவலகங்களும் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தன. அடுத்த மாதத் தேர்தலில் ஏஎஃப்டிக்கு 20.8 சதவீதம்.

அறிக்கைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தேவாலயப் புகலிடம், அதாவது திருப்பி அனுப்பப்பட இருக்கும் அகதியை ஒரு பங்குச் சமூகம் தன் தேவாலய வளாகத்திலேயே தங்கவைப்பது. 1983-ல் பெர்லினில் தொடங்கிய வழக்கம் இது. அகதியின் மனுவை எந்த ஐரோப்பிய நாடு விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் டப்ளின் விதிப்படி, இத்தாலி வழியாக வந்த அகதியை ஜெர்மனி இத்தாலிக்கே திருப்பி அனுப்பலாம், ஆனால் இத்தாலி ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அவருடைய மனுவை ஜெர்மனியே விசாரிக்க வேண்டும். அந்த ஆறு மாதம் கடக்கும்வரை அவரைத் தங்கவைக்க, பங்கு மன்றம் கூடி முடிவெடுத்து, பங்கு வளாகத்தில் ஓர் அறை ஒதுக்குகிறது. அவர் உள்ளே வந்த அன்றே அரசு அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் இருக்கிறது. விலாசம் தெரிந்தால் அவர் "தலைமறைவானவர்" ஆகமாட்டார். தலைமறைவு என்று பதிந்துவிட்டால் ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும். 2018-ல் தேவாலயத்தில் இருந்தவர்களுக்கும் அரசு இப்படி நீட்டப் பார்த்தது. 2020-ல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், விலாசம் தெரிந்தவரைத் தலைமறைவு என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்து, அவரை அனுப்பினால் என்ன கொடுமை நேரும் என்று விளக்கும் கோப்பு ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பல பங்குகள் தடுமாறுவது இங்கேதான். மருத்துவச் சான்று கைக்கு வருவதற்குள் நாள் ஓடிவிடும். அத்தனை மாதமும் அவர் வளாகத்தைத் தாண்ட முடியாது. பல்வலி வந்தாலும் பங்கு மக்கள்தான் மருத்துவரைத் தேடிக் கூட்டிவர வேண்டும், செலவும் அவர்களுடையது. அண்மை வருடங்களில் சில இடங்களில் போலீஸ் உள்ளே புகுந்து ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது.

நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கெவெலார் மாதா திருத்தலத்துக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் போகிறார்கள், இந்துக்களும் சேர்த்து. 1980-களில் அகதிகளாக ஜெர்மனிக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெகிடா ஊர்வலப் படத்தைப் பாராட்டிப் பகிரும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் எனக்கு ஒரு கேள்விதான் உண்டு: அந்தச் சிலுவைக்குப் பின்னால் நடக்கிறவர் கெவெலார் வரிசையில் நிற்கும் உங்கள் அத்தையை யாராகப் பார்ப்பார்?