டட்சன் காப்பியாம், சரி

நேற்றைய காணொளியைப் பற்றிப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு அதையே அனுப்பிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? இங்கிலாந்துக்காரன் செய்த ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பக்கத்தில் ஜப்பான்காரன் செய்த டட்சன் 240இசட் ஒன்று. காணொளி போட்ட அண்ணன் மைக்கைப் பிடித்ததுமே டட்சனைக் காட்டி, "இது ஏழைகளின் ஜாகுவார், ஜப்பான்காரன் அடிச்ச காப்பி." சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு.

ஈ-டைப் அழகு. அதில் சண்டையே இல்லை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் பார்த்தவர்கள் வாய்பிளந்தது நியாயம்தான். அதற்கு உருவம் கொடுத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், காற்றுக்குக் கணக்குப் போட்டு வளைவு வைத்தவர். ஆனால் 1969இல் வந்த டட்சன் அதிலிருந்து எதைக் காப்பியடித்தது? மூக்கு நீளமாம். ஐயா, ஆறு சிலிண்டரை நெடுக்கே வரிசையாக நிறுத்தினால் பானெட் நீளாமல் என்ன செய்யும்?

அடியில் குனிந்து பாருங்கள். ஜாகுவாரின் முன்பகுதி குழாய்களால் கட்டிய தனிச் சட்டம், டட்சனில் அது கிடையாது. ஜாகுவாரின் பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, நடுவில், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. டட்சனில் பின் சக்கரத்திலேயே டிரம் பிரேக், நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த ஸ்ட்ரட். பிறகு எதைத்தான் காப்பியடித்தான்? "பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இங்கிலாந்து எஸ்யூ கம்பெனியுடையது மாதிரியாச்சே" என்று ஒருவர் வருவார், தெரியும். லைசென்ஸ் எடுத்து ஹிட்டாச்சி செய்தது. காசு கொடுத்து வாங்கியதற்குப் பெயர் காப்பியா? "துருப்பிடிக்குமே." பிடிக்கும். அந்தக் காலத்தில் எது பிடிக்கவில்லை?

என் பெரியப்பா யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து ஒரு கராஜில் வேலை பார்த்தவர். ஈ-டைப்புக்குப் பின் டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் பின் அச்சுக் கூட்டையே மொத்தமாக இறக்க வேண்டும். "இதைக் கீறினவன் ஒருநாளும் ஸ்பானர் பிடிச்சிருக்கமாட்டான் தம்பி" என்பார், நகக்கண்ணில் கிரீஸோடு. அவர் கழற்றிப் பூட்டிய வண்டிக்கு முதலாளி வாசலில் நின்று கைகுலுக்கல் வாங்குவார். பெரியப்பாவை வாடிக்கையாளர் முன்னால் வரவிட்டதே இல்லை. நம்மவர் கை பட்டதென்றால் அது வேலை, அவர்கள் கை பட்டதென்றால் கலை. காப்பி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று இப்போதாவது புரிகிறதா?

அப்புறம் அந்த 'ஏழைகளின்'. 1970இல் அமெரிக்காவில் டட்சன் 3,526 டாலர், ஜாகுவார் ஐயாயிரத்துக்கு மேல். 2.4 லிட்டர், சுமார் 150 குதிரைத்திறன், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் நல்ல வண்டி செய்தது குற்றமா? 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை, அந்தச் சேற்றிலும் புழுதியிலும், ஜெயித்தது இந்த ஏழைதான். 1973இல் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அதைச் சொல்ல மட்டும் அண்ணனுக்கு நேரம் போதவில்லை போலும்.

நான் ஜாகுவாருக்கு எதிரி என்று கிளப்பிவிட வேண்டாம். யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒன்றைப் புகழ இன்னொன்றை மிதித்துத்தான் ஆக வேண்டுமா? மிதிபடுவது எப்போதும் ஆசியாக்காரன் செய்ததாகவே இருப்பது தற்செயலா? வெள்ளைக்காரன் சிரித்தால்கூடப் பரவாயில்லை, அந்தக் காணொளியில் சிரித்தது முழுக்க நம் ஆட்கள்.

"இருந்தாலும் காப்பிதானே" என்று இதற்குக் கீழும் எழுத வருகிறவர்கள், முதலில் ஒரு ஈ-டைப்புக்குப் பின் டிஸ்க் மாற்றிவிட்டு வாருங்கள். பேசுவோம்.