எண்பத்தெட்டுச் சக்கரங்கள்

டோக்கியோவின் யாமனோத்தே தடத்தில் ஓடும் இ235 ரயிலை, 11 பெட்டிகளும் குறையாமல், ‘N ஸ்கேல்’ எனப்படும் சிற்றளவு மாதிரி ரயிலாக வாங்கியபோது பெருமையாகத்தான் இருந்தது. பெட்டிக்கு எட்டாக 88 சக்கரங்களை, 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தின் மேல் ஒவ்வொரு முறையும் நானே உட்கார வைக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் இறங்குகிறது. அதைத் தூக்கினால் இணைப்பு கழன்றுகொள்கிறது. இணைப்பை மாட்டினால், சற்றுமுன் ஒழுங்காக நின்ற பக்கத்துப் பெட்டி சாய்ந்து கிடக்கிறது. கன்னத்தை மேசையில் பதித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது எல்லாம் நேர்கோட்டில்தான் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்ததும் ஏழாவது பெட்டி மட்டும் கட்டைகளின் மேல் தடதடக்கிறதே, அதற்கும் எனக்கும் என்ன ஜென்மப் பகை?

அதைச் சரிசெய்யக் கையை நீட்டினால், சட்டைக்கை பட்டு மூன்று மின்கம்பங்களும் ஒரு மருந்துக்கடையும் சாய்கின்றன. நகரத்தையே 1:150 ஆகச் சுருக்கிய மகானுபாவர்கள், என் விரல்களை மட்டும் ஏன் 1:1 ஆகவே விட்டுவைத்தார்கள்?

ஒருவழியாக 88 சக்கரங்களும் உட்கார்ந்த பிறகு, ரயில் ஒரு சாண் தூரம் ஓடி, தண்டவாளத்துத் தூசியில் மின்தொடர்பு அறுந்து நின்றுவிடுகிறது. அசல் தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வருகிறது. என் தடத்தில் ஒரு மாலைப்பொழுதுக்கு ஒன்று, அதுவும் பாதி வட்டம் வரைதான்.