‘அறுபது ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை’ என்பது உண்மையா?

‘அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நிலை 1960களில் இருந்தபடியேதான் இருக்கிறது, சட்டங்களெல்லாம் வெறும் காகிதம்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

1958இல் வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் தம்பதியின் படுக்கையறைக்குள் நள்ளிரவில் போலீசார் நுழைந்தார்கள். சுவரில் திருமணச் சான்றிதழ் தொங்கியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்ததே குற்றம் என்று கைது செய்தார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களை ரத்து செய்தது. அப்போது 16 மாநிலங்களில் அவை இருந்தன. காலப் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் இத்திருமணங்களை ஏற்றவர்கள் 1958இல் 4 சதவீதம். 2021இல் 94 சதவீதம். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர், 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் சுமார் 7 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற உரிமை இது. அதைக் காகிதம் என்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஒபாமா வென்றதும் நிறவெறி ஒழிந்தது என்ற எதிர்வாதமும் அதே அளவு தவறு. 2022இல்கூட வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (குடும்பங்களைச் சொத்து வாரியாக வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் சொத்து), கறுப்பினக் குடும்பத்தினுடையதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு.

காலப், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஆகியவற்றின் இணையதளங்களில் கருத்துக்கணிப்பு, சொத்து விவரங்களைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.